இரண்டும் இரண்டும் நாலு இஞ்ச்

"ஜெயா, நீ டிப்ளமோ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. ரெண்டும் ரெண்டும் எவ்ளோ?"

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் துரைக்கண்ணு மாமாவின் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டுக்கும் ரயில்வே காம்பவுண்டுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் சித்திரை வெயிலில் நின்றிருந்தோம். மாமா என் அம்மாவின் அண்ணன். கட்டை விரலை மடக்கி, மற்ற நாலு விரலையும் என் மூக்குக்கு நேராக நீட்டியிருந்தார். அவர் காலடியில் புதிதாகப் போட்ட இரண்டு போர்வெல்கள், வாயில் கோணி கட்டி, சாமந்திப்பூ சுற்றி, மஞ்சள் குங்குமத்தோடு இருந்தன.

ஒரு பக்கம் அம்மா. அண்ணன் பேசப் பேச அவள் உதடும் கூடவே அசைந்தது. இன்னொரு பக்கம் அப்பா, கறுப்புக் குடையைப் பிடித்தபடி. தபால் ஆபீஸில் பார்சல் எடை போட்டே ரிடையர் ஆனவர். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தட்டில் எடைக்கல் வைத்துப் பார்க்கிற முகம் அவருக்கு நிரந்தரமாக அமைந்துவிட்டது.

அடுத்த மாதம் அந்த மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பேங்கில் வேலை. நல்ல மனிதர். இந்த அத்தியாயத்தில் அவருக்கு வேலை இல்லை என்பதால் அவரை இங்கேயே உட்கார வைத்துவிடுகிறேன்.

மாமாவின் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். பீன்யாவில் ஒரு பம்ப் கம்பெனியில் வருஷக்கணக்காக நான் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். இரண்டு இஞ்ச் தண்ணியும் இரண்டு இஞ்ச் தண்ணியும் சேர்ந்தால் மூன்று இஞ்ச்கூடத் தேறாது.

மாமா பார்த்தார். அம்மா பார்த்தாள். அப்பா குடையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு பார்த்தார்.

"நாலு, மாமா," என்றேன்.

கோன் ஐஸ் கணக்கு

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்புகிற வாசகர்கள் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரைச் சுற்றி போர் போடும்போது வருகிற தண்ணியை யாரும் லிட்டரில் சொல்வதில்லை. இஞ்சில்தான் சொல்வார்கள். "எஷ்டு இஞ்சு?" என்று கன்னடத்தில் கேட்டால், ரிக் லாரிக்காரர் பீடியை எடுத்துவிட்டு "எரடு இஞ்சு" என்பார். இரண்டு என்றால் சந்தோஷம். மூன்று என்றால் தேங்காய் உடைப்பார்கள். நாலு என்றால் பக்கத்து நிலத்துக்காரர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

அது குழாயின் அகலம் இல்லை. போரிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வருகிற தண்ணியை ஒரு வாய்க்காலில் ஓடவிட்டு, குறுக்கே ஒரு தகரத்தை நிறுத்துவார்கள். தகரத்தின் நடுவில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டியிருக்கும். தண்ணி அதன் வழியாக வழியும்போது, கீழ் முனையிலிருந்து எத்தனை இஞ்ச் உயரத்துக்கு நிற்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பார்ப்பார்கள். அந்த உயரம்தான் இஞ்ச்.

கோன் ஐஸ் சாப்பிட்டவர்களுக்கு இதில் இருக்கும் சூது புரியும். அடியில் ஒரு நாக்குக்குக்கூட ஐஸ் இருக்காது, எல்லாம் மேலேதான். அந்த வெட்டிலும் உயரம் ஏற ஏற அகலமும் கூடும், தண்ணியின் வேகமும் கூடும். இரண்டு இஞ்சில் மணிக்கு மூவாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வழிகிற தண்ணி, நாலு இஞ்சில் பதினாறாயிரத்தைத் தாண்டிவிடும். ஐந்தரை மடங்குக்கும் மேல்.

ஆக, மாமாவின் இரண்டு போரும் சேர்ந்து மணிக்கு ஆறாயிரம் லிட்டர்கூடத் தராது. ஆனால் அவர் நீட்டிய நாலு விரலுக்கு அர்த்தம் பதினாறாயிரம். நடுவில் காணாமல் போன பத்தாயிரத்தை, என் கல்யாணத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் எச்சில் கையோடு தேடப்போகிறார்கள்.

மாமா பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சிக்கல். பொய் சொல்கிறவரை மடக்கிவிடலாம். ஒன்றாம் வகுப்புக் கூட்டலைச் சரியாகப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறவரை என்ன செய்வது?

என் மேஜைக்கு வந்த தண்ணி

ஜோகுபாளையத்திலிருந்து பீன்யாவுக்கு தினமும் இரண்டு பஸ். மெஜஸ்டிக்கில் இறங்கி ஏற வேண்டும். நசுங்கிக் கசங்கி மேஜைக்குப் போய் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் அவருக்குத் தெரிந்த அளவில் தண்ணி கேட்டுக்கொண்டு நிற்பார்.

கோலார்ப் பக்கத்து விவசாயிக்கு இஞ்ச். ஆர்க்கிடெக்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர். தொழிற்சாலைக்காரருக்கு மணிக்கு இத்தனை கன மீட்டர். சிக்மகளூர் காப்பித் தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு, வெள்ளைக்காரன் போனது தெரியாத மாதிரி, கேலன். எங்கள் கம்பெனியில் அமெரிக்கக் கேட்லாக் ஒன்று இருந்தது, அதிலும் கேலன்தான். ஆனால் அமெரிக்கன் கேலன் இங்கிலீஷ்காரன் கேலனைவிடச் சின்னது. என் பக்கத்து சீட் பையன் ஒருமுறை இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு தோட்டத்துக்கு பம்ப் அனுப்பிவிட்டான். அந்த வருஷம் அங்கே நல்ல மழை. யாரும் பம்பைப் போடவே இல்லை. அவனுக்கு பிரமோஷன் கிடைத்தது.

ஒருவர் "தினமும் எத்தனை டேங்கர் வரும்?" என்று கேட்பார். எந்த டேங்கர், எவ்வளவு பெரியது என்று கேட்டால், "லாரி டேங்கர்மா" என்பார்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் நான் ஆபீசில் போட்டதில்லை. பேப்பரில் காவிரி கன அடியிலும் டி.எம்.சி.யிலும் வரும். கேன்டீனில் யாராவது இரண்டையும் குழப்பிக்கொண்டு, "அந்த டி.எம்.சி. ஒரு செகண்டுக்கா, ஒரு நாளைக்கா?" என்று கேட்பார்கள். ஒன்று ஓடுகிற தண்ணி, இன்னொன்று நிற்கிற தண்ணி என்று எனக்குத் தெரியும். பெங்களூரில் இருக்கிற தமிழச்சி அந்தக் கணக்கைச் சத்தமாகப் போடக்கூடாது என்பதும் தெரியும். குனிந்து சித்ரான்னம் சாப்பிடுவேன்.

இவ்வளவு வருஷத்தில் நான் கற்றது ஒன்றுதான். யாருக்கும் தண்ணி எவ்வளவு என்பது முக்கியமில்லை. அவரவருக்குப் பழகின எண்ணில் அது பெரிதாகத் தெரிய வேண்டும்.

எங்கள் அப்பாவுக்குப் பழகினது குடம்.

காற்று வரும் குழாய்

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

ஜோகுபாளையத்தில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். தெரு மேடு, எங்கள் வீடு அதிலும் மேடு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாமா நேராக முற்றத்துக்குப் போய்ப் புதுக் குழாயைத் திருகிப் பார்த்தார். பந்தியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மாப்ளே, இந்த மேட்டுல கார்ப்பரேஷன் தண்ணி ஏறாது," என்றார்.

"ஏறும்," என்றார் அப்பா.

"நான் சொல்றேன், ஏறாது."

ஏறவில்லை. அன்றைக்கும் ஏறவில்லை, அதற்கப்புறமும் ஏறவில்லை. குழாயைத் திறந்தால் வயதானவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு காற்று வரும், அவ்வளவுதான். அம்மா தெருமுனைக் குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தாள்.

மாமா சொன்னது தப்பாகிப் போயிருந்தால் அப்பா அன்று சாயங்காலமே மன்னித்திருப்பார். சரியாகச் சொன்னவரை மன்னிப்பது அவ்வளவு சுலபமில்லை. "இந்தக் குழாயில தண்ணி ஏறின அன்னிக்கு உங்கண்ணன் இந்த வாசப்படி ஏறட்டும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா சண்டை போடவில்லை. அழவும் இல்லை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதல் ஆளாகக் கிளம்பினாள். யாரென்றே தெரியாதவர்கள் கல்யாணத்துக்கெல்லாம் போனாள். அங்கே போனால் அண்ணனைப் பார்க்கலாம். ஒருமுறை அவளோடு போயிருந்தேன். இரண்டு பேரும் கை கழுவுகிற இடத்தில் நின்று அவசர அவசரமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்பாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

என் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா மாட்டிக்கொண்டார். தாய்மாமன் வராமல் மணமேடை எப்படி? கூறைப் புடவையை யார் கொடுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தட்டில் பழமும் புடவையுமாக வந்தார். அப்பா வாசலுக்கு வந்து "வாங்க மச்சான்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது எனக்குத் தெரியும்.

"மண்டபம் என்னுது. என் தங்கச்சி பொண்ணுக்கு நான் செய்யற சீர்," என்றார் மாமா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கேட்டார்:

"தண்ணி இருக்கா?"

வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மாமா சிரித்தார்.

"நாலு இஞ்ச், மாப்ளே."

அவர் போனதும் அப்பா என்னிடம் வந்தார். "ஏம்மா, நாலு இஞ்ச்னா, ஒரு குடம் நிறைய எத்தனை எண்ணணும்?"

நான் சேமியாவைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் போட்டேன். "மூணு எண்ணி நாலு சொல்றதுக்குள்ள வழிஞ்சிடும்ப்பா."

"அப்படியா," என்றார். முகத்தில் லேசான ஏமாற்றம்.

நாலு இஞ்ச் ஒரே போரில் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். அது இரண்டு போர், இரண்டு இரண்டு இஞ்ச் என்பது ஒக்கலிபுரம் வெயிலில் நின்றபோதுதான் தெரிந்தது.

நாலைப் பாதியாக்கினால்

இனி என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு தீபாவளி. 'இவருக்கு என் வீட்டுத் தண்ணியைப் பத்திப் பேச என்ன யோக்கியதை' என்று ஆரம்பித்துவிடுவார். மாமா ரோஷக்காரர், துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். அம்மா மறுபடியும் யார் யார் கல்யாணத்துக்கோ பத்திரிகை தேட வேண்டும். சொல்லாமல் விட்டால் என் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் தண்ணி நிற்கும். அப்போதும் அதே சண்டைதான், கூட்டம் மட்டும் அதிகம்.

நிதானமாக யோசித்தால் இருக்கிற தண்ணி போதும். மணிக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும், முந்தின நாளிலிருந்தே ஓடவிட்டு கீழ்த்தொட்டியையும் மேல்தொட்டியையும் நிரப்பி வைத்தால் சாப்பாட்டுக் கடையைத் தாண்டிவிடலாம்.

அப்போதுதான் மாமா தன் ஆபீஸ் ரூமைத் திறந்து காட்டினார். இரண்டு மரப்பெட்டிகள். மேலே எலுமிச்சம்பழம், குங்குமம்.

"உங்க கம்பெனி மோட்டார்தான் ஜெயா! உனக்குத் தெரியாம வாங்கி வெச்சிருக்கேன். கடைக்காரன்கிட்ட சொன்னேன், மொத்தம் நாலு இஞ்ச், அதை ரெண்டா பங்கு போட்டுக் குடுன்னு."

கடைக்காரர் அட்டவணையில் நாலு இஞ்சைப் பார்த்திருக்கிறார். பதினாறாயிரம். அதில் பாதி எட்டாயிரம். எட்டாயிரம் லிட்டர் இழுக்கிற மோட்டார் ஒவ்வொரு போருக்கும். போரில் ஊறுவதோ மூவாயிரம்கூட இல்லை. இரண்டும் இரண்டும் நாலு, நாலில் பாதி இரண்டு. எந்த வாத்தியாரும் தப்பு போட முடியாது. ஆனால் மோட்டாரைப் போட்டால் முதலில் தண்ணி வரும், கொஞ்ச நேரத்தில் சேறு வரும், அப்புறம் காற்று வரும், கடைசியில் காயில் கம்பி கருகுகிற வாசனை வரும்.

"எப்படி?" என்றார் மாமா.

"நல்லா இருக்கு மாமா," என்றேன்.

மறுநாள் எங்கள் மேனேஜர் நாகராஜ் சாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கன்னடக்காரர். அவர் வீட்டிலும் மச்சான் தகராறு உண்டு என்பது ஆபீசுக்கே தெரியும்.

"பெட்டி பிரிச்சிருக்கா?"

"இல்ல சார். ஆனா குங்குமம் வெச்சுட்டார்."

"ஒள்ளேதாயித்து," என்றார். நல்லதாப் போச்சு என்று அர்த்தம். "அடுத்த கஸ்டமருக்கு பூஜை செலவு மிச்சம். சின்ன மோட்டாரா மாத்திக் குடுக்கறேன். ஆனா உங்க மாமா ஒத்துக்குவாரா? பெருசை எடுத்துட்டுச் சின்னதைக் குடுத்தா எந்த மாமா ஒத்துக்குவார்?"

அதானே. நான் சின்ன மோட்டார் ஒன்றின் நேம் பிளேட்டைப் பார்த்தேன். பிறகு பெரிய மோட்டாரின் நேம் பிளேட்டைப் பார்த்தேன். பிறகு நாகராஜ் சாரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

ரெண்டேகாலா, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரமா

எங்கள் பெரிய மோட்டார்களின் தகட்டில் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். எஞ்சினியர்கள் வாங்குகிற சரக்கு. வீட்டுக்குப் போகிற சின்ன மோட்டார்களில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். காரணம் ஒன்றுமில்லை, எண் பெரிதாக இருந்தால் சீக்கிரம் விற்கும் என்று சேல்ஸ்காரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்த வாரமே மாமாவின் ஆபீஸ் ரூமில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நீங்க வாங்கினது பழைய மாடல். தகட்டைப் பார்த்தீங்களா? ரெண்டேகால்தான்."

மாமா மரப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். 2.25.

"ஆமா. ரெண்டேகால்."

"புது மாடல் வந்திருக்கு."

"அது எவ்ளோ?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

ரயில் ஒன்று மண்டபத்தை ஆட்டிவிட்டுப் போனது. மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டும் சேர்ந்தா?"

"இல்ல மாமா. ஒவ்வொண்ணும்."

"அப்ப ரெண்டும் சேர்ந்தா?"

"அஞ்சாயிரத்து எண்ணூறு."

நான் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. லிட்டரில் சொன்னால் கூட்டல் ஒழுங்காக நடந்துகொள்ளும். இஞ்ச்தான் காலை வாரும்.

மாமா சீட்டைத் தடவினார். "அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான் பாரு. ரெண்டேகாலைக் கொண்டுவந்து தலைல கட்டிட்டான்."

"அவருக்குத் தெரியாது மாமா, பாவம்."

"ஆனா மோட்டார் சின்னதா இருக்கும்ங்கறியே?"

"கரண்ட் மிச்சம் மாமா."

கரண்ட் மிச்சம் என்றதும் மாமா சரணடைந்தார். புது மோட்டாரைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்தே ஓடவிட்டுப் பழக்க வேண்டும், நிறுத்தவே கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி தலையாட்டினார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "ஜெயா, அப்பாகிட்ட அஞ்சாயிரத்து எண்ணூறுன்னு சொல்லட்டுமா, நாலு இஞ்ச்னு சொல்லட்டுமா?"

"எது பெருசா இருக்கோ அதைச் சொல்லுங்க மாமா."

அப்பாவுக்கு வந்த பக்தி

மோட்டார் இறக்கின அன்று மாமா எல்லாரையும் பூஜைக்குக் கூப்பிட்டார். இரண்டு போர்த் தண்ணியும் ஒரே குழாயில் சேர்ந்து கீழ்த்தொட்டியில் விழுகிற மாதிரி வைத்திருந்தார். அப்பா வீட்டிலிருந்து எங்கள் பித்தளைக் குடத்தைத் தேய்த்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு வந்தார்.

"முதல் தண்ணியைப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போகணும். பொண்ணுக்கு மங்கள ஸ்நானம்," என்றார்.

எங்கள் அப்பா கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்றுகொள்கிற ஆள். அவர் வாயிலிருந்து மங்கள ஸ்நானம் என்று வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மாமா சுவிட்சைத் தட்டினார். குழாய் இருமிற்று. சேறு வந்தது, கலங்கல் வந்தது, பிறகு நல்ல தண்ணி வெள்ளையாக விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைத் தண்ணிக்கு நேராகப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. குடம் நிறைந்து வழிந்த பிறகும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

"சுலோகம் சொல்றார் பாருடி," என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தாள். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணியைப் பார்த்து, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நல்லா வருது மச்சான்," என்றார்.

அட்ரஸ் தப்பு

கல்யாணத்தன்று காலை. எனக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் அறை ஜன்னல் பக்கத்துச் சந்துப் பக்கமாகத் திறக்கும். நாதஸ்வரமும் ரயிலும் மாறி மாறி ஊதின. நானோ இரண்டையும் விட்டுவிட்டு மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வழிந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

அப்போதுதான் சந்துக்குள் ஒரு தண்ணி டேங்கர் லாரி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று.

பட்டு வேட்டியில் அப்பா சந்துக்குள் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. டிரைவர் தலையை நீட்டினான்.

"யஜமான்ரே, நீரு பிட்லா, பேட்வா?"

தண்ணியை விடட்டுமா வேண்டாமா என்கிறான். அப்பா அண்ணாந்து வழிகிற மேல்தொட்டியைப் பார்த்தார். "பேடப்பா, ஹோகு, ஹோகு," என்று இரண்டு கையாலும் விரட்டினார்.

அதற்குள் மாமா சந்தனப் பொட்டோடு பின்வாசலில் வந்து நின்றுவிட்டார். "யாருக்கு மாப்ளே டேங்கர்?"

எனக்கு ஜடை பின்னுகிற கை தலையைத் திருப்பிவிட்டது. நான் மறுபடியும் திருப்பிக்கொண்டேன்.

"அட்ரஸ் தப்பு மச்சான். பக்கத்துத் தெருவாம்," என்றார் அப்பா. "நமக்கு எதுக்கு டேங்கர்? அதான் நாலு இஞ்ச் இருக்கே."

மாமா அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கல்யாணம் நடந்தது. மூன்று பந்தி. கடைசிப் பந்தி கை கழுவின பிறகும் குழாயில் தண்ணி வந்தது. சாயங்காலம் கார் ஏறுவதற்கு முன் அப்பாவைத் தேடினேன். பின்பக்கம் கீழ்த்தொட்டி அருகே தனியாக நின்றிருந்தார்.

"அந்த டேங்கர் யாருக்குப்பா?"

"அட்ரஸ் தப்பும்மா."

"அப்பா."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு பூஜைல குடம் நிறைய எண்ணினேன். நீ மூணுன்ன. பத்து வந்துச்சு."

எனக்கு அந்த முணுமுணுப்பு ஞாபகம் வந்தது. "அப்ப அது சுலோகம் இல்லையா?"

"எனக்கு ஏதும்மா சுலோகம்?"

"பத்து வந்ததும் மாமாவைக் கேட்டிருக்கலாமே. ஆறு வருஷமா அதுக்குத்தானே காத்துட்டு இருந்தீங்க?"

"வாய் வரைக்கும் வந்துச்சு," என்றார் அப்பா. "உங்கம்மா பக்கத்துல நின்னு அழுதுட்டு இருந்தா. அப்புறம் என்னத்தைக் கேக்கறது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தாளும் அன்னிக்கு நம்ம வீட்ல இப்படி வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம் இல்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மை கலைந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுவீட்டு விருந்துக்கு நாங்கள் ஜோகுபாளையம் வந்தோம். மாமாவும் வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் கை கழுவ எழுந்தவர், பழக்கதோஷத்தில் நேராக முற்றத்துக்குப் போய் அந்தக் குழாயைத் திருகிவிட்டார்.

குழாய் செருமிற்று. காற்று வந்தது.

ஊஞ்சலில் இருந்த அப்பா நிமிர்ந்தார். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா குழாயைப் பார்த்தார். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன் சொன்னது இன்றைக்கும் சரி என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"என்ன மச்சான்?" என்றார் அப்பா.

மாமா குழாயை மெதுவாக மூடினார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. கொஞ்ச நேரத்துல வந்துடும் போல."

"ஆமா, வந்துடும்," என்றார் அப்பா.

அம்மா உள்ளேயிருந்து இரண்டு சொம்பு தண்ணி கொண்டுவந்து வைத்தாள். விடியற்காலையில் தெருமுனைக் குழாயிலிருந்து அவள் சுமந்து வந்த தண்ணி. இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.